நவூரு: பங்கு முதலில், பொறுப்பாட்சி பிறகு

நவூருவைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை ஓர் ஊதாரியின் கதையாகவே முடிகின்றன. பாஸ்பேட்டில் பணம் கொழித்த தீவு, மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பி, 2004இல் அதையும் விற்றது. கதை பொய்யில்லை. ஆனால் தீவின் சீரழிவுக்கு அந்தச் செலவையே மூலகாரணமாக்குவது காலவரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், 21 ச.கி.மீ. பரப்புள்ள பவளத் தீவு இது. கரையோரக் குறுகிய பட்டையில்தான் தென்னைகளும் வீடுகளும். உள்ளே, புவாடா நீர்நிலையைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல மண். தீவின் ஐந்தில் நான்கு பங்கு மேட்டுநிலம். அங்கே சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் இடுக்குகளில் பாஸ்பேட் அடைந்து கிடந்தது. காட்டை அழித்து, இடுக்குகளை வழித்தெடுத்த பிறகு மிஞ்சியவை ஆளுயரத்தை மிஞ்சும் கூர்ப்பாறைகள். அவற்றிடையே பயிரிடவோ வீடு கட்டவோ வழியில்லை.

1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் இப்படிவை உறுதிசெய்தபோது ஆட்சி ஜெர்மனியுடையது. 1914இல் ஆஸ்திரேலியப் படை தீவைப் பிடித்தது. என் வாதத்துக்கு அடிப்படையான ஆண்டு 1919. அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் பாஸ்பேட்டை 42:42:16 என்று பங்கிட்டுக்கொண்டன. தத்தம் நாட்டு வேளாண்மைக்கு அடக்க விலையில் எடுத்துக்கொள்ளவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தீவு மக்களின் நலனுக்கென்று சர்வதேச சங்கம் பொறுப்பாட்சி ஆணை வழங்கியதோ 1920 டிசம்பரில். அறங்காவலர் பதவி ஏற்குமுன்பே சொத்தைப் பிரித்தாகிவிட்டது.

விடுதலைக்கு முன்பே தீவின் மூன்றிலொரு பங்கு தோண்டப்பட்டிருந்தது. நிலத்தைச் சீரமைப்பதற்கு மாற்றாக, குவீன்ஸ்லாந்து கரையிலுள்ள கர்ட்டிஸ் தீவில் மக்களைக் குடியேற்ற ஆஸ்திரேலியா முன்வந்தது. இறையாண்மை மட்டும் கிடையாது. ஹேமர் டிரோபர்ட் தலைமையிலான நவூருவினர் 1964இல் இதை மறுத்தனர். ஜப்பானியர் 1943இல் டிரக் தீவுகளுக்குக் கொண்டுபோன 1,200 பேரில் உயிரோடு மீண்டவர் 737 பேர்தான். அவர்கள் கரையிறங்கிய 1946 ஜனவரி 31ஐ நினைவில் வைத்து, 1968இல் அதே நாளை விடுதலை நாளாகத் தேர்ந்தனர். இத்தகைய சமூகம் ஊர் மாற மறுத்ததைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

தோண்டுதலை விடுதலை பெற்ற அரசும் நிறுத்தவில்லை; பெரும்பகுதி அதன் காலத்திலேயே வெட்டப்பட்டது. அந்தப் பொறுப்பை யார் மீதும் மாற்றுவதற்கில்லை. ஆனால் வேறு பிழைப்பே இல்லாத நிலத்தை வழங்கிவிட்டு, கிடைத்த ஒரே வருவாயைச் செலவழித்த விதத்தை மட்டும் குறைகூறுவது அரைகுறை ஆய்வு.

விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீரமைக்காததற்காக 1989இல் நவூரு ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. மற்ற இரு நாடுகளும் வழக்கில் இல்லை என்ற ஆட்சேபத்தை 1992இல் நீதிமன்றம் தள்ளியது. இறுதித் தீர்ப்புக்கு முன்பே, 1993இல், 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமானது. அதில் பிரிட்டனும் நியூசிலாந்தும் ஆளுக்கு 1.2 கோடி ஏற்றன: ஒப்பந்தத்தில் 42 பங்கு எடுத்த நாடும் 16 பங்கு எடுத்த நாடும் ஒரே தொகை.