மலையகத் தமிழரும் கம்பியில்லாப் பேச்சும்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளில் நம் குடும்பங்கள் நூறாண்டுக்கும் மேலாக வாழ்கின்றன. அங்கே பெருமழை வந்தால் பாதையோடு செய்தியும் அறுந்துவிடும். 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையே கொண்டுபோனது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மீது மலை சரிந்தபோது கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது. இழந்தது 70 பேரை. பலர் கயத்தாறுப் பக்கத்துத் தமிழர்.

டவர் தேவைப்படாத சாதனம் ஒன்று உண்டு: சிபி ரேடியோ. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பொதுமக்களுக்குக் கிடைத்தது. இந்தியாவில் 2005 முதல் 5 வாட் வரை லைசென்ஸ் வேண்டாம். மலை மறைத்தால் எட்டாதுதான். மேட்டில் ஒரு செட் இருந்தால் இந்தப் பக்கச் சேதியை வாங்கி அந்தப் பக்கம் சொல்லலாம்.

ரேடியோ ரிப்பேர் தொழிலில் நான் கண்டவரை, கோளாறு பெரும்பாலும் செட்டுக்கு வெளியேதான். உயிரே இல்லையா? ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். கரகரன்னு இரைச்சலா? ஸ்குவெல்ச் குமிழைத் திருப்புங்கள். கேட்குது, பேசினா போகலையா? மைக் வயர் பிளக் அருகே முறிந்திருக்கும். தூரம் குறைந்துவிட்டதா? ஆன்டெனா கனெக்டரில் மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்து, ரப்பர் டேப் சுற்றுங்கள். ஆன்டெனா மாட்டாமல் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது, உள்ளே டிரான்சிஸ்டர் கருகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. எல்லையோரச் சங்கங்கள் ஒவ்வொன்றும் மழைக்காலத்துக்கு முன்பே நம் இளைஞர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.