டாரட் சீட்டு: குறி சொல்ல வந்ததில்லீங்க

போன வாரம் என் ரூம்மேட் டாரட் கட்டை விரிச்சு, "ஒண்ணு எடு"ன்னா. தீசிஸ் முடியுமா, வேலை கிடைக்குமான்னு மண்டை காஞ்சு கிடந்த நேரம். எடுத்தா, 'மரணம்'! குதிரை மேல எலும்புக்கூடு. "பயப்படாதே, பழசு போய் புதுசு வரும்னு அர்த்தம்"னா. ஆனாலும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மறுநாள் லைப்ரரியில உக்காந்து இதோட கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

பழங்கால எகிப்து ஞானம்னு நிறைய பேர் சொல்வாங்க. அதெல்லாம் இல்லை மக்களே. இது 15-ம் நூற்றாண்டு வட இத்தாலியில பிறந்த சீட்டாட்டம். சாதா 56 சீட்டோட 22 துருப்பு சேர்த்து மொத்தம் 78. மிலான் பிரபு குடும்பத்துக்குத் தங்கம் பூசி வரைஞ்ச ஒரு கட்டுல 74 சீட்டு இன்னும் மிச்சம் இருக்கு. அதுலயும் 'மரணம்' உண்டு. ஆனா வெறும் துருப்பு, சின்னச் சீட்டை வெட்டும், அவ்வளவுதான்.

எகிப்து கதையைக் கட்டினவர் கூர் த ஜெப்லாங்ங்கிற பிரெஞ்சுக்காரர், 1781-ல. அப்போ எகிப்திய சித்திர எழுத்தைப் படிக்க யாருக்குமே தெரியாது. ஷாம்போலியோன் அதை அவிழ்த்தது 1822-ல! அதுக்குள்ள எத்தேய்யாங்கிறவர் 1785-ல டாரட்ல குறி பார்க்கிறது எப்படின்னு புத்தகமே போட்டுட்டார்.

இன்னிக்கு நாம அதிகம் பார்க்கிற படங்கள் 1909-ல லண்டன்ல வந்தவை. யோசனை வெயிட்டோடது. வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். உழைப்புக்குக் கிடைச்ச காசு ரொம்பக் கம்மின்னு அவங்களே ஒரு கடிதத்துல எழுதியிருக்காங்க. 1951-ல கடனோட செத்துப் போனாங்க. கட்டுக்கு நிலைச்ச பேரு 'ரைடர்-வெயிட்'. ரைடர் பதிப்பாளர். வரைஞ்சவங்க பேரே இல்லை. எதிர்காலம் சொல்ற சீட்டை வரைஞ்சவங்களுக்கு இப்படி ஒரு எதிர்காலம்!

அப்போ சொல்றது எப்படிப் பலிக்குது? 1948-ல ஃபோரர்ங்கிற உளவியல் ஆசிரியர் 39 மாணவர்களுக்கு, "இது உன்னைப் பத்தின தனி அறிக்கை"ன்னு ஒரே அறிக்கையை எல்லார்கிட்டயும் கொடுத்தார். 5-க்குச் சராசரியா 4.26 மார்க் போட்டாங்க, அவ்வளவு பொருத்தமாம்! 'பழசு போய் புதுசு வரும்'ங்கிறதும் யாருக்குத்தான் பொருந்தாது?

ரூம்மேட்கிட்ட இதெல்லாம் சொன்னேன். கோச்சுக்கலை, "அன்னிக்கு நீ ரொம்ப பயந்து இருந்தே, பேச வைக்கலாம்னுதான் எடுக்கச் சொன்னேன்"னா. எனக்குப் பேச்சே வரலை. பிரான்ஸ்ல டாரட்டை இன்னும் ஆட்டமாத்தான் ஆடறாங்க, நாலு பேர் வேணும். நாங்க ரெண்டு பேர் ரெடி. யாராவது வர்றீங்களா?