இழுக்கும்... ஆனா தாங்குமா?

அமெரிக்க நெடுஞ்சாலையில வெயில் காலம் வந்துட்டா ஒரு காட்சி சகஜம். முன்னாடி மாளிகை மாதிரி ஒரு எஸ்.யூ.வி., பின்னாடி படுக்கை, அடுப்பு, குளியலறையோட ஒரு வீடு. இந்த ஜோடி எப்படி சேர்ந்ததுன்னு ஆணி கம்மியா இருந்த வாரத்துல உக்காந்து படிச்சேன். பொட்டி தட்டுற நமக்கு இது எதுக்குன்னு கேக்கறீங்களா? இது கடைசியில ஒரு பெஞ்ச்மார்க்கோட கதைங்க.

1935-ல செவர்லே 'சபர்பன் கேரியால்' வந்தது. சரக்கு வண்டியோட சேஸி மேல எட்டு பேர் உக்கார்ற கூண்டு. 1936-ல வாலி பையம்ங்கறவர் 'ஏர்ஸ்ட்ரீம் க்ளிப்பர்'னு பளபளக்கிற அலுமினிய ட்ரெய்லரைக் கொண்டுவந்தார். ஆனா ரெண்டும் உடனே ஜோடி சேரலை. பல வருஷம் குடும்ப ட்ரெய்லர்களை இழுத்தது பெரும்பாலும் பெரிய செடான் கார்கள்தான்.

அதுல ஒரு வில்லங்கம். ட்ரெய்லரோட மூக்கு காரோட பின்பக்கத்தை அமுக்கும். பின்னாடி அமுங்கினா முன்னாடி தூக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் நம்பியிருக்கிறது முன் சக்கரத்தைத்தானே! அப்ப மூக்குல பாரமே இல்லாம பண்ணிட்டா? அது இன்னும் மோசம். பின்பாரமா ஏத்தின ட்ரெய்லர் வேகத்துல இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசாகி காரையும் சேர்த்துக் கவுத்துடும். அதனால ட்ரெய்லர் எடையில 10 முதல் 15 சதவீதம் மூக்குல இருந்தே ஆகணும்.

இதுக்கு 50-கள்ல பரவின வைத்தியம்தான் பாரம் பிரிக்கிற கொக்கி. ரெண்டு வில்கம்பிகளை நெம்புகோல் மாதிரி இறுக்கிக் கட்டினா, பின் அச்சுல இறங்கின பாரத்துல ஒரு பங்கு முன் அச்சுக்கும், இன்னொரு பங்கு ட்ரெய்லர் அச்சுக்கும் போயிடும். எளிமையான இயற்பியல், இன்னிக்கும் அதேதான்.

அப்புறம் 1973-ல எண்ணெய் நெருக்கடி. 1975-ல எரிபொருள் சிக்கனச் சட்டம். 1977-லயே ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட பெரிய செடான்களை இளைக்க வெச்சது. சட்டம் கார்களுக்குக் கறாரா இருந்துச்சு, ட்ரக் வகைக்குக் கொஞ்சம் தளர்வு. ட்ரெய்லர் வெச்சிருந்த குடும்பங்கள் மெல்ல சபர்பன் மாதிரி வண்டிகளுக்கு மாறினாங்க. ஆக, பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போட்ட சட்டம், இந்தப் பெரிய வண்டிகளுக்கும் ஒரு வழி திறந்து விட்டுச்சு :-)

இனிமேதான் பெஞ்ச்மார்க். "எங்க வண்டி இவ்வளவு பவுண்டு இழுக்கும்"னு விளம்பரம் வரும். எப்படி அளந்தாங்க? ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி. நாமே கோடு எழுதி, நாமே டெஸ்ட் பண்ணி, நாமே பாஸ் போட்டுக்கிற மாதிரி! 2008-லதான் எஸ்.ஏ.ஈ. அமைப்பு ஜே2807-ங்கற பொது அளவுகோலை வெளியிட்டுச்சு. அரிசோனா பாலைவனத்துல டேவிஸ் டேம் ஏற்றம்னு ஒரு சாலை, 11.4 மைல். 38 டிகிரி வெயில்ல, ஏ.சி.யை முழுசா வெச்சுக்கிட்டு, முழு பாரத்தோட மணிக்கு 40 மைலுக்குக் குறையாம ஏறணும். வழியில இன்ஜினோ கியர்பாக்ஸோ சூடாகி மடங்கக் கூடாது. 2011 மாடல்கள்ல டொயோட்டா முதல்ல ஏத்துக்கிச்சு. அதோட சில வண்டிகளுக்கு எண்ணும் இறங்குச்சு. அமெரிக்கக் கம்பெனிகள் "மத்தவன் குறைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு இழுத்தடிச்சு, 2015 மாடல்கள் வாக்குல வழிக்கு வந்தாங்க.

அப்ப பிரச்சனை தீர்ந்துச்சா? இல்லீங்க. அந்த அளவுகோல் வண்டிக்குள்ள கணக்குல எடுக்கிறது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் ரெண்டே பேரைத்தான். நிஜத்துல பிள்ளைகள், பெட்டி, சைக்கிள், ஐஸ் பெட்டின்னு போகும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 'ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான்'னு வேற ஒரு எண் இருக்கும். 1600 பவுண்டுன்னு வெச்சுக்குங்க. 7000 பவுண்டு ட்ரெய்லரோட மூக்கு பாரம் 900. கொக்கி 100. நாலு பேர் 600. முடிஞ்சுது கணக்கு! ஐஸ் பெட்டிக்கு இடமில்லை. விளம்பரத்துல அதே வண்டி 8000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கும். அதுவும் பொய் இல்லை. இழுக்கும், ஆனா தாங்காது.

அதனால வண்டியைத் தயார் பண்றவங்க முதல்ல போக வேண்டியது எடைமேடைக்கு. அப்புறம் பாரம் பிரிக்கிற கொக்கி, ட்ரெய்லர் பிரேக்கை இயக்குற கன்ட்ரோலர், கியர் ஆயில் கூலர், சரியான டயர் காற்று. இவ்வளவு மாட்டினாலும் கதவோர எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. பின்னாடி உக்கார்றது யாரோட பிள்ளைகள்னு நினைச்சுப் பார்த்தா, விளம்பரத்தை விட்டுட்டு அந்தச் சின்ன ஸ்டிக்கரைத்தான் படிக்கத் தோணும்.