ஊரவையும் கணக்கரும்

பண்டைத் தமிழகத்து ஊராட்சியைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலரும் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கூறும் குடவோலை முறையையே முதற்கண் எடுத்துரைப்பர். அது பொருத்தமே. ஆயின், குடத்தினின்று எடுத்த ஓலையை ஏற்றுப் படித்தவர் யாவர், வாரியங்களின் வரவு செலவைப் பதிந்து வைத்தவர் யாவர், அவரை ஊர் எவ்வாறு ஆண்டது என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்பெறவில்லை. வாரியப் பெருமக்கள் 360 நாள் பணிபுரிந்து விலகினர். அவர் செய்தன யாவும் எழுத்திலேயே எஞ்சி நின்றன. எனவே, எழுதுவோன் நேர்மையன்றி ஊரவையின் ஆட்சி நிலைபெறாது. இதனை அன்றைய ஊரவை நன்குணர்ந்திருந்தது என்பதே நாம் ஈண்டு நிறுவக் கருதுவது.

முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்த இரு தீர்மானங்களும் அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. வாரியத்திற்கு உரியோரின் அகவையை முன்னது 30 முதல் 60 வரை என்றும், பின்னது 35 முதல் 70 வரை என்றும் வரையறுத்தது. நிலமும் மனையும் மறைக்கல்வியும் உடையாரே தகுதி பெற்றமையின், இஃது ஊரார் அனைவர்க்கும் உரிய ஆட்சியன்று என்பதையும் மறத்தலாகாது. எனினும், அவ்வரம்பினுள் அமைந்த நடைமுறை மிக நுட்பமானது.

30 குடும்புகளினின்றும் வந்த ஓலைகளை எடுக்கும் காலத்து, ஊர்ப் பெருமக்கள் இளையோரும் முதியோருமாகக் கூடியிருப்பர். குடத்தை நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் எல்லாரும் காண உயர்த்திக் காட்டுவர். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அவ்வோலையை ஏற்றல் வேண்டும். அவன் படித்தபின், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்பெறும். மத்தியஸ்தன் என்னும் சொல் நடுநிற்போன் எனப் பொருள்படும். நடுநிற்போன் எனப் பெயர் பெற்றவனையும் ஊர் வெறும் நம்பிக்கையின்பால் விட்டுவிடவில்லை. அவன் விரல்களுக்கும் விதி வகுத்தது. ஓலையை மாற்ற வல்ல கை அவன் கையே ஆதலின், அக்கை யாவர்க்கும் புலனாதல் வேண்டும் என்று கருதினர் போலும்.

921-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் சபையார் பணிக்க எழுதியவனும் மத்தியஸ்தனே. காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்று தன் பெயரை அவன் இறுதியிற் பொறித்துள்ளான். எழுதியவன் பெயரின்றி எழுத்து முற்றுப்பெறாது என்னும் மரபு இதனால் தெளிவாகும்.

இனிக் கணக்கெழுதுவோர்பற்றிய விதிகளை நோக்குவோம். நேர்மையுடையோரே கணக்கெழுதல் வேண்டும் என்பது முதல் விதி. கணக்கெழுதியவன் தன் பணிக்காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனப்பட்ட பின்னரன்றி மீண்டும் அப்பணியிற் புகலாகாது என்பது இரண்டாவது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். அதனை முடிக்கப் பிற கணக்கர் புகுதல் கூடாது என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதி விதியே பெரிதும் சிந்திக்கத்தக்கது. பின்வந்தவன் முன்னவன் பிழையை மூடவும், முன்னவன் தன் குறையைப் பின்வந்தவன்மேல் ஏற்றவும் அஃது இடந்தரவில்லை. பொறுப்பு, பதவியை விட்டு எழுதிய ஆளைப் பற்றி நின்றது என்பது நம் கருத்து.

வாரியம் செய்தாரும் இவ்வாறே கட்டுண்டனர். கணக்குக் காட்டாதாரும் அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் முதலிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்பெறும் உரிமையை இழந்தனர். எழுதுவோன் ஒருவன்மேல் மட்டும் பழிபோட்டுத் தப்ப வாரியத்தார்க்கும் வழியில்லை.

பிற்காலத்து நிலை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் கணக்குப்பிள்ளை எனவும் கர்ணம் எனவும் வழங்கிய ஊர்க் கணக்கர் மாவட்ட ஆட்சியருக்குக் கீழ்ப்பட்ட வருவாய்த்துறை ஊழியர். சென்னை மாகாணத்து 1895-ஆம் ஆண்டுப் பரம்பரை ஊர்ப்பதவிச் சட்டம் அப்பதவியைக் குடிவழி உரிமையாக உறுதிப்படுத்தியது. நில அளவும், பயிர் விவரமும், வரி நிலுவையும் ஒரு குடும்பத்தின் கையெழுத்திலேயே தலைமுறைதோறும் தங்கின. எழுத்தறியாக் குடியானவர்க்கு நிலம் தன்னுடையது என்பதற்குச் சான்று, கணக்குப்பிள்ளையின் ஏடேயாயிற்று. உத்தரமேரூர்ச் சபை அஞ்சிய இடர் இதுவே.

ஆந்திரப் பகுதியினின்று எழுந்த வழக்கொன்றில், ஊர்ப்பதவிக்குக் குடிவழி பார்த்தல் அரசியலமைப்பின் 16-ஆம் கூற்றுக்கு மாறானது என 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் அப்பழஞ்சட்டம் 1968-இல் நீக்கப்பெற்றது. 1980 நவம்பரில் பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகள் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றன. 1982-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. அவ்விடத்திற்குத் தேர்வு வழியாகக் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர்.

பழைய விதியின் சாயல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பசலி ஆண்டுதோறும் நிகழும் ஜமாபந்தியில், அடங்கல், சிட்டா முதலிய ஊர்க் கணக்குகளை அவ்வலுவலரே கொணர்ந்து காட்டுதல் இன்றும் உண்டு. வேற்றுமை ஒன்றே: அன்று கணக்குக் காட்டியது ஊரவைக்கு, இன்று காட்டுவது வருவாய்த்துறை மேலலுவலர்க்கு. ஊராட்சியின் கணக்கோ வேறு வழியிற் செல்கின்றது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, அதன் தணிக்கை அறிக்கை கிராம சபையின் ஒப்புதலுக்கு வருகின்றது.

தணிக்கை அறிக்கை பிறர் எழுதியது. கணக்கு எழுதியவன் வாய்மொழியன்று. தான் எழுதியதைத் தானே ஊர்முன் காட்டுக என்னும் விதி, குடவோலையைப் போலவே போற்றத்தக்கது. ஊராட்சி வரலாற்றை ஆராயும் இளைஞர், தேர்ந்தெடுக்கப்பட்டோரோடு நில்லாது, கல்வெட்டுக்களின் இறுதி வரிகளில் தம் பெயர் பொறித்து நிற்கும் எழுத்தாளரையும் தேடித் தொகுப்பாராயின், அவ்வரலாற்றின் மறுபாதி நமக்குக் கிட்டும்.