தாழொலிக்கு ஒரு தனிப்பெட்டி: ஒலிப் பங்கீட்டு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒலிபெருக்கி பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் வானொலியின் வரலாற்றையோ திரைப்படத்தின் வரலாற்றையோ எழுதி அமைந்துவிடுகின்றனர். என்ன ஒலித்தது என்ற வினாவின் நிழலில், அது எவ்வாறு செவியை அடைந்தது என்ற வினா மறைந்துவிடுகின்றது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒலிச் சாதனங்கள் விற்போரும், அவற்றை வாங்கிச்சென்று பேலியகொடையிலோ கொட்டாஞ்சேனையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பொருத்துவோரும், 80 ஹேட்ஸ் என்ற எண்ணை ஓர் இயற்கை விதி போலவே கருதிவருகின்றனர். அந்த மீடிறனுக்குக் கீழுள்ள ஒலி சப்வூபர் எனும் பெரிய பெட்டிக்கு. மேலுள்ளது சிறிய ஒலிபெருக்கிகளுக்கு. இவ்வெல்லைக்கோடு எங்கிருந்து வந்தது, யாருடைய வசதிக்காக வரையப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையிலான ஒலியை உணரவல்லது. காற்றில் 80 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. 8,000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளமோ 4 சென்ரிமீற்றரளவே. தாழொலியை எழுப்பப் பெருமளவு காற்றை அசைக்க வேண்டும். அதற்கு அகன்ற கூம்பு தேவை. உயரொலிக்கு இலேசான சிறிய கூம்பே தகும். ஒரே கூம்பு இரு தொழிலையும் செம்மையாகச் செய்தல் அரிது. எனவே தூண்டிச்சுருளும் கொள்ளளவியும் கொண்டு மின்னோட்டம் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றது. சுருள் தாழ்ந்த மீடிறனுக்கு வழிவிடும். கொள்ளளவி உயர்ந்ததற்கு வழிவிடும். இவ்விரண்டும் கைமாறும் இடமே பிரிப்பு மீடிறன் ஆகும்.

ஆயினும் தொடக்கத்தில் பிரிவினை இருக்கவில்லை. இயங்கு சுருள் ஒலிபெருக்கியைப் பற்றிய தமது ஆய்வை ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் வெளியிட்டது 1925 இல். அதே ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி நிலையம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. எட்வர்ட் ஹார்ப்பர் 1923 முதல் நடத்திய பரிசோதனைகளின் பேறாக எழுந்த நிலையம் அது. அக்காலத்துச் செவியுணர்கருவிக்கும் புனற்குழாய்க்கும் தாழொலி என்பதே எட்டாப் பொருளாயிருந்தது.

பிரிவினையின் தேவை பெரிய மண்டபங்களிலேயே முதலில் உணரப்பட்டது எனலாம். 1933 ஏப்பிரலில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெச்சரும் அவர்தம் குழுவினரும், பிலடெல்பியாவில் இசைத்த வாத்தியக் குழுவின் இசையைக் கம்பி வழியே வாசிங்டன் மண்டபமொன்றுக்கு அனுப்பி மூன்று தடங்களில் ஒலிக்கச் செய்தனர். ஒவ்வொரு தடத்துக்கும் தாழொலிக் குழாய் ஒன்று, உயரொலிக் குழாய் ஒன்று. 300 ஹேட்ஸில் பிரிவு. இம்முறையைத் திரையரங்குக்குக் கொணர முயன்றபோது ஒரு குறை வெளிப்பட்டது. மடித்தமைத்த தாழொலிக் குழாயின் பாதை மற்றையதிலும் சில அடி நீண்டதாகையால் தாழொலி பிந்தி வந்தது. எம்.ஜி.எம். கலையகத்தில் எலினர் பவல் என்ற நடன நடிகையின் காலடி ஓசை இருமுறை கேட்டதாலேயே இது கண்டுபிடிக்கப்பட்டது என்பர். டக்ளஸ் ஷியரர், ஜோன் ஹில்லியாட் ஆகியோர் குழாயைக் குறுக்கிப் புதிய அமைப்பொன்றை உருவாக்கினர்.  எவ்வளவு தாழ்வாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு பெரிய உயரொலிக் குழாய் வேண்டும் என்பதை நினைவிற் கொண்டால், இத்தகைய எண்கள் செவியின் கட்டளை மட்டுமல்ல, மரத்தின், உலோகத்தின், மேடையின் கட்டளையும் கூட என்பது புலனாகும்.

ஈழத்து ஒலி வரலாற்றை நோக்குமிடத்து, அதன் பெரும்பகுதி ஒரே வீதியை ஒட்டி அமைந்திருப்பது வியப்பளிக்கின்றது. களனி கங்கையைக் கடந்ததும் பேலியகொடையிலிருந்து புத்தளம் வீதி பிரிகின்றது. அவ்வழிப் பக்கத்தே ஹெந்தளையில் விஜயா கலையகம். சற்று அப்பால் கந்தானையில் எஸ். எம். நாயகம் 1950 களின் தொடக்கத்தில் நிறுவிய கலையகம். ஜா-எலவை அடுத்து ஏக்கலையில் இலங்கை வானொலியின் ஒலிபரப்பு நிலையம். 1950 இல் தொடங்கிய வர்த்தக சேவை ஏக்கலையிலிருந்தே கடல் கடந்து தமிழகத்தின் வீடுகளை எட்டியது. ஆயினும் சிற்றலை வழி சென்ற ஒலியில் 5,000 ஹேட்ஸுக்கு மேற்பட்டது பெரும்பாலும் கைவிடப்பட்டது. எஞ்சிய தாழொலியைப் பெட்டியின் சிறு கூம்பு விழுங்கியது. நாதஸ்வரம் ஓரளவு பிழைத்தது; தவில் பாதியே வந்தது. மீதிப் பாதியைக் கேட்போரின் மனமே நிரப்பிக்கொண்டது. அடிப்படைச் சுரம் இல்லாதபோதும் அதன் மேற்சுரங்களைக் கொண்டு செவி அதனை ஊகித்துக்கொள்ளும் என்பது ஒலியியலார் ஏற்ற உண்மை.

1983 ஜூலையில் விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது பல படங்களின் மூலப்பிரதிகள் அழிந்தன. ஆதலால் அப்படங்கள் எவ்வாறு ஒலித்தன என்பதை ஆராய விரும்புவோருக்கு எஞ்சிய பிரதிகளே துணை. இவ்விழப்பை எந்தப் பெட்டியாலும் ஈடுசெய்ய இயலாது.

தாழொலிக்கென்றே தனிப்பெட்டி வைக்கும் வழக்கம் 1970 களில் வலுப்பெற்றது. 1974 இல் 'ஏர்த்குவேக்' படத்துக்காக அரங்குகளில் பாரிய தாழொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 1976 இல் லிங்க்விட்ஸ், ரைலி என்போர், பிரிப்பு மீடிறனில் இரு பகுதிகளும் சரிபாதி வீச்சுடன் நின்று, கூடும்போது ஒன்றாகும் பங்கீட்டு முறையை விளக்கினர். இன்றைய கருவிகள் பலவும் அம்முறையையே கையாள்கின்றன. 1977 இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் ஒலிநாடாக் கருவிகள் வீடு தோறும் புகுந்தன. 1983 இல் ரொம்லின்சன் ஹோல்மன் வகுத்த ரி.எச்.எக்ஸ். நியமம் திரையரங்குக்கு வந்தது. அதன் வீட்டு வடிவமே 80 என்ற எண்ணைப் பரப்பியது. காரணம் எளிது. அதற்குக் கீழ் ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்று செவி அறிவது கடினம். ஆகவே பெட்டியை எந்த மூலையிலும் ஒளித்துவைக்கலாம். ஆண்குரலின் அடித்தளமும் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு மேலேயே நிற்கும். எல்லையை 200 க்கு உயர்த்தினால் பாடகரின் குரல் மூலைப்பெட்டிக்கு நழுவும். சிறிய பெட்டிகள் 120 வரையே இறங்கவல்லனவாயின் 80 என வைப்பதில் பயனில்லை. இடையிலே பள்ளம் விழும். கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை.

திசையறியாத இவ்வொலி சுவரையும் அறியாது என்பதே பேலியகொடை போன்ற நெருங்கிய குடியிருப்புகளில் உள்ள சிக்கல். சுவரொன்று உயரொலியைத் தடுக்குமளவுக்குத் தாழொலியைத் தடுப்பதில்லை; மீடிறன் பாதியாகக் குறையத் தடுப்பும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகின்றது. 2007 நவம்பரில் உயர்நீதிமன்றம் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்குமிடையே ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்னரே, 1996 இல், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. அவை ஒலியை 'ஏ' நிறையேற்றத்தில் அளக்கின்றன. இந்நிறையேற்றம் 63 ஹேட்ஸ் ஒலியிலிருந்து 26 டெசிபெல்லைக் கழித்தே கணக்கிடும். அதன் மூலம் எதுவென்று தேடின், 1933 இல் பிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட சமவுரப்பு வளைகோடுகளில் ஒன்று. மெல்லிய ஒலியைச் செவி எவ்வாறு உணர்கின்றது என்பதற்கு வரையப்பட்ட கோடு அது. மணவீட்டின் முழக்கத்துக்கு வரையப்பட்டதன்று. தாழொலிக்குத் தனிக் குழாய் அமைத்தவரும், தாழொலியைக் குறைத்தெண்ணும் அளவுக்கு வித்திட்டவரும் ஒருவரே, ஆண்டும் ஒன்றே.

அடுத்த வீட்டுத் தட்டுமுட்டுகள் அதிரும்போதும் அளவுகருவி அடக்கமான எண்ணையே காட்டுவதன் காரணம் இதுவேயாகும். அத்தகைய கருவிகள் பலவற்றில் 'சி' என்னும் இன்னொரு நிறையேற்றமும் உண்டு. அதில் 63 ஹேட்ஸ் ஒலி 1 டெசிபெல்லுக்கும் குறைவான கழிவுடனேயே பதிவாகும். கருவியில் ஆளியை மாற்றுவது ஒரு கணப்பொழுது வேலை. 1996 ஆம் ஆண்டு விதியை மாற்றுவதற்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டும்.