கொலோசியமும் கலிஸ்துஸ் கல்லறைகளும்

ரோமுக்குப் போகும் கிறிஸ்தவர்கள் பார்க்காமல் திரும்பாத இடம் கொலோசியம். மறைசாட்சிகள் சிங்கங்களுக்கு இரையானது இங்கேதான் என்று சிறு வயது மறைக்கல்வியிலிருந்தே மனத்தில் பதிந்திருக்கிறது. நகரத்துக்குத் தெற்கே, ஆப்பியா சாலையோரம் புனித கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. விசுவாசத்தின் தொடக்க காலத்தைத் தேடிப் போகிறவருக்கு இரண்டில் எது அதிகம் கொடுக்கும்?

கொலோசியத்தில் வரலாறு எடுத்த எடுப்பிலேயே குறுக்கே வந்து நிற்கிறது. நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றது 64இல் ரோம் எரிந்த பிறகு, வத்திக்கான் பக்கம் இருந்த தன் தோட்டத்தில். கொலோசியம் திறக்கப்பட்டதோ 80இல். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் விலங்குகளுக்கு இரையாவதற்கென்றே ரோமுக்குக் கொண்டுவரப்பட்டார். ஆனால் எந்த அரங்கில் இறந்தார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. இடைக்காலத்தில் ரோம் மக்களே கொலோசியத்தைப் புனித இடமாகக் கருதாமல் அதன் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இதை இயேசுவின் பாடுகளுக்கு அர்ப்பணித்தபோதுதான் இதன் புனிதம் உறுதிப்பட்டது.

கலிஸ்துஸ் கல்லறைகளில் நிலைமை வேறு. அங்கே பெயர்கள் இருக்கின்றன. கலிஸ்துஸ் அடிமையாக இருந்தவர், சார்தீனியாவின் சுரங்கங்களில் தண்டனை அனுபவித்தவர். திருத்தொண்டராகி இந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கவனித்தார். பிறகு திருத்தந்தையே ஆனார். இங்குள்ள துஃபா பாறை வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். அதைக் குடைந்து நான்கு அடுக்குகளில் ஏறத்தாழ 20 கி.மீ. நீளத்துக்கு வழிகள் போட்டிருக்கிறார்கள். இருபுறச் சுவர்களிலும் உடல்களைக் கிடத்திய மாடங்கள். குழந்தைகளுக்காக வெட்டிய சின்ன மாடங்களுக்கு முன்னால் கால் தானாக நின்றுவிடுகிறது. ரோமின் இத்தகைய கல்லறைகளில் மாடத்தைக் கல்லாலோ ஓட்டாலோ மூடிச் சாந்து பூசுவார்கள். பெயர் பொறிக்க வசதியில்லாத வீட்டார் ஈரச் சாந்தில் ஓர் அகல் விளக்கையோ காசையோ விளையாட்டுச் சாமானையோ அழுத்திவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்தவர்கள் இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற கதையை விட்டுவிட வேண்டும். அதிகாரிகளுக்கு இந்த இடங்கள் தெரியும். 258இல் பேரரசன் வலேரியன் காலத்தில் திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸையும் திருத்தொண்டர்கள் சிலரையும் கல்லறைத் தோட்டத்திலேயே பிடித்துக் கொன்றார்கள். மக்கள் இங்கே வந்தது இறந்தவர்களுக்காகச் செபிக்க; நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் பூவுமாக நாம் கூடுவதைப் போல.

தொல்லியலாளர் தே ரோஸ்ஸி 1854இல் இங்கே கண்டறிந்த திருத்தந்தையர் அறையில் திருத்தந்தை பபியானின் கல்லறைக் கல் இருக்கிறது. 250இல், பேரரசன் தேசியுஸ் காலத்து வதையில் இறந்தவர் அவர். கிரேக்க எழுத்தில் பெயர், பக்கத்தில் ஆயர் என்ற பொறுப்பு. மறைசாட்சி என்பதைக் குறிக்கும் சுருக்கக் குறி பிறகு சேர்த்துச் செதுக்கப்பட்டது. புதைத்த கைகள் அந்தப் பட்டத்துக்கு அவசரப்படவில்லை. என் விசுவாசத்துக்கு அந்த நிதானம் பெரிய பலமாக இருக்கிறது. அந்த வழிகளில் மறைசாட்சிகள் சிலரே. மற்றவர்கள் காய்ச்சலிலும் பேறுகாலத்திலும் முதுமையிலும் கண் மூடிய சாதாரண மக்கள். உயிர்ப்பை நம்பித்தான் அவர்களையும் கிடத்தினார்கள். ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் கலிஸ்துஸுக்கே போகச் சொல்வேன்.

அதற்காகக் கொலோசியத்தில் இன்று நிற்கும் சிலுவை பொருத்தமில்லை என்று ஆகிவிடாது. சுமார் 50,000 பேர் உட்கார்ந்து ரசிக்க, அடிமைகளும் போர்க்கைதிகளும் தண்டனைக் கைதிகளும் செத்து விழுந்த இடம் அது. இயேசுவும் ரோம ஆளுநர் தீர்ப்பிட்டு, கூட்டம் வேடிக்கை பார்க்கக் கொல்லப்பட்டவர்தான். அங்கே மாண்டவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை என்று நாளை நிரூபித்தாலும், புனித வெள்ளி இரவில் திருத்தந்தையர் அங்கே நடத்தும் சிலுவைப் பாதைக்குக் காரணம் குறையாது.