பூஞ்சைகளின் சென்ட்ரோமியரைத் தேடி: கௌஸ்துவ் சன்யாலின் ஆய்வுகள்

ஜவ்வாது மலை ஊர்களில் சாமையோடு கேழ்வரகும் பயிராகிறது. கேழ்வரகு பயிரிடுவோர் பெரிதும் அஞ்சுவது குலை நோய்க்கு. இலையில் கண் வடிவப் புள்ளிகளாகத் தொடங்கி, கதிரின் கழுத்தைக் கறுக்க வைத்து, மணி பிடிக்காமல் பதராக்கிவிடும். மாக்னபோர்த்தே என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். நெல்லையும் கோதுமையையும் தாக்குபவை அதன் வேறு வகைகள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இரத்தத்தில் புகுந்து உயிரைப் பறிக்கும் கேண்டிடாவும் பூஞ்சைதான். வயலிலும் மருத்துவமனையிலும் வாழும் இந்தப் பூஞ்சைகளை ஒரே கேள்வியுடன் ஆராய்ந்தவர் மூலக்கூறு உயிரியலாளர் கௌஸ்துவ் சன்யால். செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிசகாமல் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதே அந்தக் கேள்வி.

சன்யால் மேற்கு வங்கத்தின் பிதான் சந்திர வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரித்தொழில்நுட்ப முதுகலையும் படித்தார். கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் ஈஸ்ட் மரபியலில் முனைவர் பட்டம் பெற்றபின், அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் ஜான் கார்பனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளம் அமைந்தது அங்கேதான்.

ஒவ்வொரு குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்ற ஓர் இடம் உண்டு. செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் அந்த இடத்தைப் பற்றித்தான் குரோமோசோமை இழுக்கின்றன. பிடி நழுவினால் ஒரு செல்லுக்குக் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் குரோமோசோம்கள் போய்ச் சேரும். 1980-ல் லூயிஸ் கிளார்க், ஜான் கார்பன் இருவரும் ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்டிலிருந்து முதன்முதலாக ஒரு சென்ட்ரோமியரைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சாரம் சுமார் 125 டி.என்.ஏ. எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஈஸ்டின் 16 குரோமோசோம்களிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான். அந்தத் துண்டை ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் சேர்த்தால் வளையமும் குரோமோசோம் போலவே ஒழுங்காகப் பங்கிடப்படும். எழுத்துவரிசைதான் சென்ட்ரோமியரைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

கேண்டிடா அல்பிகன்ஸ் அந்த எண்ணத்தைக் கலைத்தது. அதில் தேடுவதற்குத் தெரிந்த எழுத்துவரிசை எதுவும் இல்லை. ஆகவே சன்யாலும் கார்பனும் புரதத்தின் வழியே தேடினார்கள். சென்ட்ரோமியரில் மட்டும் வந்து அமரும் தனிவகை ஹிஸ்டோன் புரதம் ஒன்று உண்டு. கேண்டிடாவில் அது இருப்பதை 2002-ல் காட்டினார்கள். பின்னர் அந்தப் புரதத்தைப் பற்றி இழுத்து, அதனுடன் ஒட்டி வரும் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். 2004-ல் வெளியான முடிவு வியப்பூட்டியது. கேண்டிடாவின் 8 குரோமோசோம்களிலும் சுமார் 3,000 எழுத்து நீளமுள்ள சென்ட்ரோமியர் இருந்தது. ஆனால் ஒன்றின் எழுத்துவரிசை மற்றொன்றில் இல்லை. வேலை ஒன்று, ஆனால் எட்டு இடத்திலும் எட்டு வாசகம்! 2006-ல் அதே ஆய்வகம் இன்னொன்றையும் காட்டியது. அந்த டி.என்.ஏ.வை வெறுமனே வெளியிலிருந்து செல்லுக்குள் செலுத்தினால் அது சென்ட்ரோமியராக வேலை செய்யவில்லை. எழுத்து மட்டும் போதாது. அதன்மேல் முன்பே அமர்ந்திருக்கும் புரதத்தின் அடையாளமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரவேண்டும்.

2005-ல் சன்யால் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். 2008-ல் அவர் குழு, அல்பிகன்ஸுக்கு மிக நெருங்கிய கேண்டிடா டப்ளினியென்சிஸை ஒப்பிட்டது. குரோமோசோமில் சென்ட்ரோமியர் இருக்கும் இடம் மாறவில்லை. எழுத்துகளோ அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தன. 2013-ல் ஜிதேந்திர தாக்கூருடன் செய்த ஆய்வு இந்த வரிசையில் மிக அழகானது என்பேன். சென்ட்ரோமியரையே வெட்டி நீக்கினால் என்ன ஆகும்? செல் சாகவில்லை. பழைய இடத்துக்கு அருகிலேயே புதியதொரு சென்ட்ரோமியர் உருவாகிக்கொண்டது.

இது வெறும் அடிப்படை அறிவியல் விந்தை அன்று. பூஞ்சையின் செல் நம் செல்லைப் போலவே உட்கரு உடையது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தீண்டக்கூடும் என்பதால், உடலுக்குள் பரவிய தொற்றுக்குக் கையில் உள்ள மருந்து வகைகள் மிகச் சில. அந்தச் சிலவற்றிலிருந்து தப்பவும் கேண்டிடா குரோமோசோம்களையே கலைத்துப் போடுகிறது. மினசோட்டாவில் ஜூடித் பெர்மன் குழு 2006-ல் இதைக் கண்டது. ஃப்ளூகோனசோலை எதிர்க்கும் கேண்டிடாவில், 5-ஆம் குரோமோசோமின் இடக்கரங்கள் இரண்டு ஒரு சென்ட்ரோமியரின் இருபுறமும் சேர்ந்து புதுக் குரோமோசோமாகியிருந்தன. மருந்தின் இலக்கான மரபணு அந்தக் கரத்தில்தான் இருக்கிறது. கரம் கூடினால் அந்த மரபணுவும் கூடுகிறது.

சன்யாலின் ஆய்வு பின்னர் மற்றப் பூஞ்சைகளுக்கும் விரிந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மூளை உறை அழற்சியை உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸில், ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையை இழந்த இனத்தின் சென்ட்ரோமியர்கள் சுருங்கியிருப்பதை 2018-ல் காட்டினார்கள். 2019-ல் சிங்கப்பூரின் நவீத் நக்வி குழுவுடன் சேர்ந்து குலை நோய்ப் பூஞ்சையை எடுத்துக்கொண்டார்கள். அதன் 7 குரோமோசோம்களிலும் சென்ட்ரோமியர் 57,000 முதல் 1,09,000 எழுத்துகள் வரை நீள்கிறது. ஈஸ்டின் 125-ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேண்டிடா ஆரிஸ் பின்னர் வந்தது. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இனம். ஆரிஸ் என்றால் இலத்தீனில் காது. முக்கியமான மூன்று மருந்து வகைகளுக்கும் அடங்காத ஆரிஸ்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் பட்டியலில் மிக அபாயமான நான்கில் ஒன்றாக இதை வைத்தது. அல்பிகன்ஸும் ஒரு கிரிப்டோகாக்கஸ் இனமும் அதே நான்கில் உண்டு. 2021-ல் சன்யால் குழு ஆரிஸின் ஏழு சென்ட்ரோமியர்களையும் கண்டறிந்து, உலகின் வெவ்வேறு பகுதிகளில் தோன்றிய அதன் கிளைகளை ஒப்பிட்டது. கிழக்காசியக் கிளையின் குரோமோசோம்கள் மற்றவற்றிலிருந்து பெரிதும் மாறி அடுக்கப்பட்டிருந்தன.